காலில் வந்தது அம்மாள் அல்ல

என் கால்கள் விழுந்ததை ஊரே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு பார்த்தது. இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊர். வீச்சு வலைதான் தொழில். காளியம்மாள் கோயில் சடங்கில் வருடா வருடம் நான் தெய்வமாடுவேன். உடுக்கு ஒலித்ததும் பாதம் விறுவிறுக்கும், உடம்பு நடுங்கும், அம்மாள் வந்துவிடுவாள். போன சடங்கில் உடுக்கை எடுப்பதற்கு முன்பே இரண்டு பாதமும் விறுவிறுத்தன. முழங்கால் தளர்ந்தது. எனக்கே சந்தோஷம். சடங்கு நடத்தும் கட்டாடியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாள் இந்த முறை வேளைக்கே வந்திட்டா. ஒருத்தரும் அவனத் தொடாதீங்க!"

கோயில் முற்றத்தில் விழுந்தேன். எழும்ப முடியவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், வேப்பிலையால் அடித்தார்கள். கிடந்தவனிடம் குறியும் கேட்டார்கள். மகளுக்குக் கலியாணம் எப்போது, மகனுக்குக் கட்டார் விசா வருமா என்று.

மறுநாளும் நான் எழும்பவில்லை. அப்போது கதை மாறியது. "நோன்பில என்னமோ பிழை விட்டிரிக்கான். அம்மாள் காலை வாங்கிட்டா" என்றார்கள், முந்தின நாள் என் காலில் விழுந்தவர்கள். பிறகு கைகளும் விழுந்தன. மூச்சு முட்டியது. என் மனைவி ராசம்மா ஆட்டோ பிடித்து வந்தாள்.

கட்டாடியார் மறித்தார். "சடங்கு முடியட்டும் புள்ள, மறுகா கொண்டு போகலாம். இப்ப போனா குற்றம்."

"குற்றம் எனக்கு வரட்டும். வழிய விடுங்க" என்றாள் அவள்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா என் பாதத்தை ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். "ஐயா, காலை அசைக்கச் சொல்லி உங்கட மூளை சொல்லிக்கொண்டுதான் இரிக்கு. அது நரம்பு வழியா மின்சாரமாப் போற செய்தி. கால் வரைக்கும் போய்ச் சேரல்ல" என்றார்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். நரம்புக்குள் ஓர் உப்புப் புகும், இன்னோர் உப்பு வெளியேறும், அதில்தான் செய்தி ஓடும். முகத்துவாரத்தை அடைத்த மணலை வெட்டிவிட்டால் கடலும் வாவியும் இடம் மாறிப் பாய்வது போல என்று எனக்கு விளங்கியது. நரம்பைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருப்பதால் செய்தி தாவித் தாவி விரைந்து போகுமாம். சடங்குக்கு முன் எனக்கு வயிற்றோட்டம் வந்திருந்தது. அந்தக் கிருமியோடு சண்டைக்குப் போன என் உடம்பின் காவலே ஆள் மாறி அந்த உறையை உரித்துவிட்டது. பாதத்தில் விறுவிறுத்தது அதுதான்.

அப்படியானால் இத்தனை வருடமும் என்மேல் வந்தது யார்? செத்திருக்கலாம் என்று நினைத்தேன். இந்த நோய்க்குரிய மருந்து கையிருப்பில் இல்லை, வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டிருக்கிறோம் என்றார்கள். கைகூப்பவும் என்னால் முடியவில்லை. வாய்க்குள்ளேயே சண்டை பிடித்தேன். "தாயே, ஆட உடம்பு வேண்டுமென்றாய், தந்தேன். இப்போது நான் கூப்பிடுகிறேன். நீ உண்மையானால் வா."

மருந்து வந்தது. நெஞ்சு முற்றாக அடைபடுவதற்கு முன் வந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தாம். என் ஊரிலிருந்து ஒரு காகம்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்நியர்களின் இரத்தத்தில் ஏறித்தான் அவள் என்னிடம் வந்தாள். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

வாரக்கணக்கில் கிடந்த பிறகு ஒருநாள் பெருவிரல் அசைந்தது. "அசையிது! இன்னொருக்கா அசைங்க!" என்று ராசம்மா வார்டே திரும்பிப் பார்க்க அழுதாள்.

இப்போது நடக்கிறேன். இடது பாதம் இன்னும் இழுக்கிறது. இந்த வருடம் ஆடுவாயா என்று கட்டாடியார் ஆளனுப்பிக் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டேன். கும்பிடுவேன், ஆடமாட்டேன்.

அடியார்களே, அவளை நம்புங்கள். கூப்பிட்டால் வருவாள். ஆனால் கை கால் மரத்துப்போனால் வேப்பிலையைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகிற வழியிலும் அவளைக் கூப்பிடலாம், அவளுக்குக் கேட்கும்.

ஊராரை மன்னிக்கும் மனதைத் தா என்று மட்டும் நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் தந்துவிடுவாள்.