கரைய வேண்டிய மண்

மலையை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பட்டியல் போட்டுவிட்டேன். சூளையின் மீட்டரைச் சரிபார்ப்பது. பயிற்சிக்கு வந்த பெண்களுக்குச் சூளை ஏற்றும் முறையை எழுதி ஒட்டுவது. இரவல் கம்பளிகளைத் திருப்பித் தருவது. வீட்டுக்கார அம்மாவின் மண் உருவங்களைச் சுட்டுக் கொடுப்பது.

அந்தக் கடைசி வேலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்த நான், கோப்பை சுடக் கற்றுக்கொடுக்க அந்தப் பௌத்த மலைக்கிராமத்தில் ஆறு மாதம் இருந்தேன். அங்கே பால் கறந்தாலும் ஜீப்பைக் கிளப்பினாலும் ஒரு மந்திர முணுமுணுப்பு உண்டு. கல் அடுக்கிய பிரார்த்தனைச் சுவர் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, சுற்றுவழியானாலும், நடப்பார்கள். நானும் அப்படியே நடந்தேன். முணுமுணுக்க மட்டும் எனக்கு எதுவும் இல்லை.

ஞாயிறுதோறும் என் அம்மா போனில், "அதான் சாமி ஊராச்சே, நல்லா வேண்டிக்கிட்டு சீக்கிரம் வூட்டுக்கு வந்து சேரு" என்பார். வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை தமிழ் கிடையாது.

வீட்டுக்கார அம்மா மொட்டைமாடியில் உள்ளங்கை அளவு மண் கோபுரங்களை அச்சில் அழுத்திக் காயவைத்திருந்தார். ஓரங்களில் விரிசல். என் கண்ணுக்கு அது குறை. அவர் மூன்று நாள் மடாலயத்துக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் சூளையில் ஏற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை. பட்டியலில் கோடு போட்டேன்.

நான் கிளம்பும் நாளுக்கு முந்தைய பகலில் திரும்பி வந்தார். ஒன்றை எடுத்து விரலால் தட்டினார். கணீரென்றதும் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்குள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில். இறந்த கணவரின் எரிந்த எலும்புகளை இடித்துப் பொடித்து, சாம்பலோடு அந்த மண்ணில் பிசைந்திருக்கிறார். பாறை இடுக்கில் வைத்தால் மழையும் பனியும் கரைக்கும், கணவர் விடுபடுவார்.

"இனி கரையாதா?"

"கரையாது."

"எத்தனை வருஷமானாலும்?"

"ஆமாம்."

"அவரும் அப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்" என்றார். சிரிக்கவில்லை.

எங்கள் பட்டறைகளில் உடைந்த சரக்கைப் பொடித்துப் பச்சை மண்ணில் கலப்போம். அதைச் சொன்னேன். இவற்றையும் பொடித்துப் புது மண்ணில் பிசைந்து, சுடாமல் அச்சிட்டால் மழையில் உதிர்ந்துவிடும். நானே உடைத்துத் தருகிறேன் என்றேன்.

"நீ தொடாதே. அவரை இன்னொரு தடவை உடைக்கணுமான்னு நான் யோசிக்கணும்."

மறுநாள் காலை கம்பளிகளை வாங்கிக்கொண்டு, ஊர் வழக்கப்படி என் கழுத்தில் வெள்ளைத் துணி போட்டார். பையில் வறுத்த பார்லி மாவும் வைத்தார். ஜீப் சுவரைச் சுற்றித் திரும்பும்போது பார்த்தேன். மொட்டைமாடியில் சுட்ட கோபுரங்களின் வரிசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கல். கை அதன்மேல் இருந்தது, தூக்கவில்லை.

ஊர் திரும்பிவிட்டேன். இங்கே இப்போது மழை. நான் வேலை செய்யும் பீங்கான் யூனிட் முற்றத்தில் மூட மறந்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள் நேற்றுக் கரைந்துபோயின. மேஸ்திரி எல்லாரையும் திட்டியபடி சேற்றைக் கூட்டித் தள்ளினார். நான் உதவிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் நம்பர் போனில் இருக்கிறது. அந்த அம்மா உடைத்தாரா இல்லையா என்று கேட்டால் சொல்லிவிடுவாள். இன்னும் கேட்கவில்லை.