உறைபெட்டியில் ஒரு சிவப்பு நூல்

ஆனெலி பெல்ஜியத்திலிருந்து கோஸ்டா ரிக்காவுக்கு வந்தது ஜாகுவாரைப் பார்க்க. கிடைத்தது புள்ளிக் காட்டுப்பூனை ஒன்றின் விட்டை. காட்டு விலங்கு ஆய்வில் பயிற்சி மாணவி என்றால் அதுதான் வேலை. காலையில் ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்து உள்ளிருக்கும் தேளை உதறிவிட்டுக் காட்டுக்குப் போவாள். விட்டையைக் கண்டால் புதையலைக் கண்டவள்போல் மண்டியிடுவாள். பையில் கட்டி வந்து, தங்கியிருந்த வீட்டின் உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்துவாள்.

வீட்டுக்காரி ரொமெல்டாவுக்கு, ஊர் மரியாதையாக அழைப்பதுபோல் 'டோன்யா'வுக்கு, இதில் ஆட்சேபம் இல்லை. "போன வருசம் வந்தவன் புல்லாங்குழல் வாசிச்சான். அதுக்கு இது தேவல" என்பாள். அவள் ஆத்திரமெல்லாம் பக்கத்து வீட்டு அபெலினோ மேல். அவள் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, அவர் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் கோழி சூப் மணத்தது.

"என் கோழியத் தின்னுட்டு கோயில்ல முன்வரிசையில உக்கார்றியே, வெக்கமா இல்ல?"

"உன் கோழியத் தின்னிருந்தா எனக்குப் பல்லு மிஞ்சியிருக்குமா, ரொமெல்டா?"

ஆனெலிக்குத் திருடனைத் தெரியும். விட்டையில் இறகு இருந்தது; ஒரு பையில், டோன்யா கோழிக் காலில் கட்டும் சிவப்பு நூலே இருந்தது. சொன்னால் பூனைக்கு விஷம் வைப்பார்கள். பூனையோடு ஆய்வும் போகும். எனவே வாயைத் திறக்கவில்லை. அவள் படித்த படிப்பில் இதற்குத் 'தலையிடாமை' என்று கௌரவமான பெயர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் திருடனாவதைப் பற்றி அதில் பாடம் இல்லை.

அபெலினோவைத் திருவிழாக் குழுவிலிருந்து நீக்க ஊர் கூடவிருந்த நாளுக்கு முதல் நாள், மீன் எடுக்கப் போன டோன்யா அந்தப் பையோடு வந்து நின்றாள்.

"பொண்ணே, இந்த நூலு என்னோடதுல்ல?"

ஆனெலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதாள். அபெலினோவுக்காக அல்ல. "பூனைய கொன்னுடாதீங்க, டோன்யா!"

"கொன்னா ஏன் கொன்னேன்னு ஊரு கேக்குமே. அப்புறம் அந்த ஆளு கால்ல போய் நான் விழணுமா?" பையை மீனுக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். "நீ மூச்சு விடாத."

மறுநாள் கூட்டத்தில் டோன்யா எழுந்தாள். "ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காரு. நான் அபெலினோவ மன்னிச்சுட்டேன். குழுவுலயே இருக்கட்டும், பாவம்."

"எதுக்குடி மன்னிப்பு? நான் எடுக்கவே இல்லையே!" என்று அபெலினோ கத்தியது கைத்தட்டலில் அமுங்கிப்போயிற்று.

ஆனெலியும் தட்டினாள். தலையிடுவது முறையல்லவே.