தையல்காரியின் ஒற்றைச் செருப்பு

அவள் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறாள் என்று சொன்ன வாயை முதலில் கழுவச் சொல்லுங்கள். என் வீட்டுப் பின்னறையில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் தையல்காரி அவள். ஒற்றைச் செருப்பு வாசலில் கிடக்க, வெறுங்காலோடு தெருமுனைவரை போனாள்தான். செருப்பு கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன்.

அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெருவுக்கே தெரியும். செத்துப்போன புருஷன் வைத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான். மாத்திரையை ஒரு நாள் தவறவிட்டதில்லை. இந்த வருடம் என்னவோ ஆள் பாதியாக இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். நோய் முற்றிவிட்டது, அறையைக் காலி பண்ணச் சொல் என்று எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். வீடு என்னுடையது என்று அனுப்பிவைத்தேன். ஆனால் நோய் முற்றிவிட்டது என்றே தையல்காரியும் நம்பிக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுக்கும் இடத்திலோ ரத்தம் பார்த்து, கிருமி அடங்கித்தான் இருக்கிறது என்றார்களாம். அப்படியானால் எது இவளைத் தின்கிறது? எனக்கு மண்டை குடைந்தது.

அவள் போய்வந்த கழிப்பறையில் எறும்பு மொய்த்தது. என் அக்காவுக்கும் இப்படித்தான் மொய்த்தது. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி.

ஒரு நாள் மிஷினை விட்டு எழுந்து வருகிறாள், பாதத்தில் ஊசி பாதி ஏறி நிற்கிறது. வலிக்கவே இல்லையாம். நான்தான் பிடுங்கினேன். செருப்பு கழன்றதும் இப்படித்தான் தெரியாமல் போயிருக்கிறது; அக்காவுக்கும் கால் மரத்துத்தான் போயிருந்தது.

"உனக்குச் சக்கரைடி. போய்க் காட்டு."

"எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, பாட்டி."

"ஒரு உடம்புக்கு ஒரு நோய்தான்னு ரேஷனா போட்டிருக்கு?"

சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் வந்தது. சர்க்கரைக்கு ஆஸ்பத்திரியில் பொது வரிசையில் நிற்க வேண்டும். முன்பு பல்வலிக்கு அங்கே போனபோது, இவளுடைய எச்.ஐ.வி. மாத்திரை நோட்டைப் புரட்டிய நர்ஸ், உங்க கட்டடம் அந்தப் பக்கம் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாளாம். பல்லைப் பிடித்துக்கொண்டே திரும்பியிருக்கிறாள்.

"கால் போச்சுன்னா மிஷினை எதால மிதிப்பே?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினை மிதித்தாள்.

மூன்றாம் நாள் காலை வெளியே வந்தாள். இரண்டு செருப்பிலும் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்திருந்தாள். நோட்டு பைக்குள் இல்லை, கையில் இருந்தது. எங்கே கிளம்பிட்டே என்று எதிர்வீட்டுக்காரி கழுத்தை நீட்டினாள்.

"சக்கரை வரிசைக்கு."

சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். நான் வாசலைப் பார்த்தேன். ஒரு செருப்பும் கிடக்கவில்லை.