ஆறு கூடையிலும் ஒரு காக்கித் துண்டு

திம்புள்ளப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாறிய மறு வருடம், என் மகன் ஐந்து மாதக் குழந்தை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது அவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் இடம் அது. சிமெந்துத் தரை, கண்ணாடி உடைந்த ஜன்னல், கீழே விரிக்கச் சாக்கு. மார்கழிப் பனி தொடங்கியதும் அவன் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு விடும்போதெல்லாம் கர் கர் என்று கேட்டது.

போர்வை கேட்டு ஆபீசுக்கு இரண்டு முறை போனோம். வரும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"கேட்டது போதும், நாமளே தச்சிருவோம்" என்றேன். என்னையும் சேர்த்துக் கைக்குழந்தைக்காரிகள் ஆறு பேர். ஆளுக்கொரு ஒட்டுப்போர்வை தைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பழஞ்சேலை உள்ளவளின் பிள்ளை கதகதப்பாகத் தூங்கும், கட்டியதைத் தவிர வேறில்லாதவளின் பிள்ளை நடுங்கும். அது என்ன நியாயம்? எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டு, ஆறு போர்வைக்கும் ஒரே நாளில் வெட்டிவிடுவது என்று முடிவானது.

சேலை வந்தது, ஆம்பளைகள் கட்டும் சாரம் வந்தது, ஹற்றன் டவுனில் தையல்கடை வைத்திருக்கும் நானா ஒரு பை நிறைய வெட்டுத்துண்டு கொடுத்தார். எங்களில் ஒருத்தி கண்டாக்கு வீட்டில் துணி துவைப்பவள். அந்த வீட்டு அம்மா கழித்துக் கொடுத்த பழந்துணியை அவள் கொண்டுவந்தாள். அத்தனையையும் அலசி, கஞ்சி போட்டு, விறைப்பாகக் காயவைத்தோம். கஞ்சி இல்லாவிட்டால் அடுக்கி வெட்டும்போது துணி வழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆயா பிள்ளைக் காம்பராவைத் திறந்துவிட்டாள். தேயிலைப் பெட்டிப் பலகையில் முக்கால் சாண் சதுரம் ஒன்று அறுத்து வைத்திருந்தேன். துணியை ஆறு அடுக்காக்கி, பலகையை மேலே வைத்து, துணி துவைக்கும் சவர்க்காரத் துண்டால் கோடு போட்டு வெட்டினேன். ஒரு வெட்டுக்கு ஆறு துண்டு. சுவரோரம் ஆறு கொழுந்துக் கூடை. கூடைக்கு ஒரு துண்டாகப் போட்டுக்கொண்டே போனோம். நானாவிடம் இரவல் வாங்கிய பெரிய கத்தரி என் கட்டைவிரலைக் கொப்புளமாக்கிவிட்டது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

கூடைகள் பாதிக்கு மேல் நிறைந்தபோது கண்டாக்கு வந்து நின்றார்.

"யாரு இதத் தொறந்துவிட்டது? மேல இருந்து ஆளுங்க பாக்க வர்றாங்க. தோட்டத்துல ஒண்ணுமே குடுக்கலன்னு காட்டணுமா ஒங்களுக்கு?"

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"அவங்கவங்க துணிய எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்புங்க. கெளம்பாதவளுக்கு நாளைக்கு வேல இல்ல."

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மூலையில் சாக்கின்மேல் மகன் கிடந்தான், அவன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கிறோங்க ஐயா. எது யாருதுன்னு நீங்களே பிரிச்சுக் குடுங்க" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. பக்கத்துக் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, கட்டம் போட்டது. எதையும் அவரால் பிரிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு காக்கிச் சதுரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரோடது? சொல்லுங்க, அவளுக்குத்தான் மொதல்ல சீட்டுக் கிழியும்."

துவைக்கிறவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை.

"அது ஒங்களோடதுங்க ஐயா. ஒங்க பழைய கால்சட்ட. அம்மா கழிச்சுக் குடுத்தது. ஆறு கூடையிலயும் கெடக்கு, ஒங்க துணிய நீங்க பொறுக்கி எடுத்துக்குங்க."

ஆயாதான் முதலில் சிரித்தாள். பிறகு எங்களில் ஒருத்தியாலும் அடக்க முடியவில்லை. அவர் துணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அதைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆறு பேருக்கும் பறிக்க வேண்டிய மலையைச் சொல்லி வேலைக்கு அனுப்பினார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கோதுமை மா மூட்டைத் துணியை அடியில் வைத்து, கிழிந்த கம்பளியை நடுவில் கொடுத்து, பத்து நாளில் ஆறையும் தைத்து முடித்தோம். காக்கித் துண்டை ஓரத்தில் மறைத்து வைத்துவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். முடியாது என்றேன். ஆறு போர்வையிலும் அதை நட்டநடுவில், பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி வைத்துத் தைத்தேன். தை மாதம் முடிவதற்குள் என் மகன் நெஞ்சில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.