சேனை வைத்த கை

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே எங்கள் ஊரில் பெண்கள் சேர்ந்து ஒரு தோட்டக் கூட்டம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டுத் தோட்டத்தில், எங்கள் பேச்சில் விளையில், கூடுவார்கள். மழைக்கு முன் சேனை, மழை விட்டதும் பயறு என்று பருவத்துக்கு ஏற்றதை நட்டுக் கொடுப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சபைக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். கூட்டத்துக்கு ஒரு கட்டாய விதி உண்டு. சேனையின் விதைத் துண்டை வீட்டுக்காரி தன் கையால் வைக்கக் கூடாது, அடுத்த வீட்டுக் கைதான் வைக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்காத ஆளில்லை. ஒருவரும் பதில் சொன்னதில்லை.

எங்களுக்கு வைத்துத் தருகிறவள் மேலவீட்டு மாமி. அவளுக்கு வைப்பவள் அம்மா. சேனை வைக்கும் மாதம் எங்கள் வீட்டில் மாசி, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மேலவீட்டில் கும்பம். சேனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த வருடம், மொழிவாரியாக மாநிலம் பிரிக்கும் எல்லைப் பேச்சு ஊரை இரண்டாக்கியது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போன என் மாமாவை, அம்மாவின் தம்பியை, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் சந்தையில், அவனுக்கு அது வேண்டும் என்று மேலவீட்டு மாமியின் கணவர் சத்தமாகச் சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்ப, சனிக்கிழமைக் கூட்டமும் நின்றது.

எனக்கோ வேறு கவலை. ஏதோ கோடு வரப்போகிறது என்றார்களே, அது எங்கள் வேலி வழியாகத்தான் வரும் என்று நினைத்து, தினமும் காலையில் போய்த் தேடுவேன்.

மாசி முடியப் போயிற்று. அம்மா சேனையைத் துண்டு போட்டு, சாணிக் கரைசலில் முக்கி, வேலியோரம் பலா நிழலில் உலர்த்தியிருந்தாள். குழிகளும் தயார். இன்னும் வைக்காவிட்டால் வித்து வாடிவிடும், வருகிற வருடம் எங்களுக்குச் சேனையே இல்லை.

"நீயே வச்சா என்னம்மா?"

"நம்ம கை ஆகாது மக்கா. வாடுனா வாடட்டு" என்றாள். ஆனால் அடிக்கடி போய் வித்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஒருநாள் விடியலில் வழக்கம்போல் கோட்டைத் தேடிப் போனேன். எங்கள் விளையில் மேலவீட்டு மாமி குத்தவைத்து உட்கார்ந்து, கடைசிக் குழியைச் சருகால் மூடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"ஏட்டி, அம்மை அறியண்டாம், கேட்டியா?"

தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். படுக்கையிலும் அடுக்களையிலும் அம்மா இல்லை. கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் சத்தம் கேட்டது. அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வரை செம்மண். எங்கள் விளை முழுக்கக் கறுத்த மண்.

"எங்கம்மா போன?"

"சாணி பெறக்கப் போனேனாக்கும்."

பக்கத்தில் வைத்திருந்த கூடை காலியாக இருந்தது. சாணி கிடைக்கவில்லை போலும் என்று பாவமாக இருந்தது. மாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதிலேயே கவனமாக இருந்ததால் மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

சேனை தோண்டும் காலத்துக்குள் கோடு போட்டுவிட்டார்கள். அது எங்கள் வேலிக்கு வரவில்லை, களியக்காவிளைப் பக்கம் போய்விட்டது. நாங்கள் கேரளத்தில் நின்றோம். சிறையிலிருந்து திரும்பியிருந்த மாமா அந்தக் கோபத்தையெல்லாம் மண்ணில் காட்டித் தோண்டினார். முதல் சேனையை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"இது யாருக்க கை அக்கா?"

"யாரும் வைக்கல்ல. தானே முளைச்சதாக்கும்" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

வேலிக்கு அந்தப் பக்கமும் அன்று தோண்டினார்கள். அங்கேயும் கணவர் கேட்க, மாமி அதே பதிலைச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அம்மா சட்டென்று குனிந்து சேனையின் மண்ணைத் தட்டத் தொடங்கினாள்.

ஊரிலேயே ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை. மேலவீட்டு விளை முழுக்கச் செம்மண் என்பதும் எனக்குத் தெரியும். மாமியின் சேனையை யார் வைத்திருப்பார்கள் என்று மட்டும் அன்று யோசிக்கத் தோன்றவில்லை.