முஅய்யதின் ஒரே ரிசல்ட்

இர்பித் நகரில் எங்கள் சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு வருகிற எவரிடமும் முஅய்யத் தன் இருபத்திரண்டு வருட அனுபவத்தைப் பீற்றிக்கொள்ளாமல் விடமாட்டார். முதல் வருடம் தெரிந்ததையே இருபத்திரண்டு தடவை செய்த மனிதர் அவர். ஆறு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்த எரிச்சலில் சொல்கிறேன்.

புரோகிராம் எழுதினால் விவரங்களைப் போட்டு வைக்கும் வேரியபிள் அத்தனையையும் ஃபைலின் தலைமாட்டில், ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுதுகிற ஃபங்ஷன் எல்லாவற்றுக்கும் வெளியே வைப்பார். ஃபங்ஷனுக்குள் வைத்தால் வேலை முடிந்ததும் அழிந்துபோகும், அடுத்த முறை வெறுமையாகத் தொடங்கும். முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த இந்த விஷயம் அவருக்கு வீண் வேலை.

"உஸ்தாத், ரிசல்ட்டையாவது உள்ள வச்சிருங்க. இல்லன்னா பழைய ஆளோடது அப்படியே நிக்கும்" என்றேன் ஒருநாள்.

"ரூலா, உங்க வீட்டுல ஆளுக்கொரு சீனி டப்பாவா வச்சிருக்கீங்க? நடுவுல ஒண்ணு இருந்தாப் போதாதா? போம்மா, போய் வேலயப் பாரு."

அறையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தப் புரோகிராம் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனைத் தாள் இல்லாமல் இங்கே கல்யாண ஒப்பந்தம் எழுதமாட்டார்கள். ஷுரூக் என்ற பெண்ணின் முடிவைப் பதிவு செய்யும் முன்பே ஊழியர் அவசரமாக அச்சிட்டுவிட்டார். அந்த இடம் காலியாக வந்திருக்க வேண்டும். முந்தைய ஆளின் முடிவு வந்தது: நோயின் மரபணு இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் இருந்தது. இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள்.

வேறு கூடத்தில் பார்த்தபோது ஷுரூக்குக்கு ஒன்றுமில்லை. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"பேரு சரியாத்தானே வந்திருக்கு மகளே? வயசும் சரி" என்றார் முஅய்யத், வெட்கமே இல்லாமல். "அந்த ஒரு எடந்தான் முன்னாடி ஆளோடது. ஒவ்வொருத்தருக்கும் நடுவுல கம்ப்யூட்டர அணைச்சுப் போடச் சொல்லு, சரியாயிரும்."

"அந்த மாப்பிள்ளைக்கு நேத்து வேற எடத்துல நிச்சயம் ஆயிருச்சு."

"எல்லாம் நஸீப், அவங்கவங்க விதி" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். மனிதனா இவர்?

ஷுரூக் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இப்படி ஆகும்னு இங்க ஒருத்தருக்குமே தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றேன்.