ஆண்டெனாவில் கோளாறு இல்லை

முதலில் டிவியைத்தான் சந்தேகப்பட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை புராணத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அம்புகள் நடு ஆகாயத்தில் மோதிக்கொண்டன. திரையின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டியது. ரொம்ப நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். பிறகு சோப்பு விளம்பரம் வந்தது. அதிலும் மின்னல் வெட்டியது.

அடுத்த வாரம் திரை முழுக்கக் கொசு மொய்ப்பதுபோலக் கரும்புள்ளிகள். என் கணவரை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். "இப்பத் தெரியுதா?" என்று மேலிருந்து கத்துவார். "இல்லீங்க, இன்னும் புள்ளி இருக்குதுங்க" என்று நான் கீழிருந்து கத்துவேன். அவர் ஆண்டெனாவைத் திருப்பிய திருப்பில் படம் மொத்தமும் போனது, புள்ளிகள் மட்டும் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் திரையின் கீழ்மூலையிலிருந்து இருட்டு ஏறியது. பிக்சர் டியூப் போய்விட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். உக்கடத்திலிருந்து மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். "டியூப் நல்லாத்தானுங்க இருக்குது. எனக்குத் தெளிவாத் தெரியுதுங்களே" என்றார். தெளிவாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன தோரணையில் எனக்கு எரிச்சல் வந்தது. அவர் போன பிறகு சுவரைப் பார்த்தேன். சுவரிலும் அந்த இருட்டு இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது டிவியில் திடீரென்று மின்னலோ புள்ளிகளோ தெரிந்தால், உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். அங்கேயும் தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள், கண் டாக்டரிடம் ஓடுங்கள். நான் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த வாரங்களில் என் கண்ணுக்குள் ஒரு திரை கிழிந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் விழித்திரை விலகல் (கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரை, ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல உரிந்து வருவது). சின்ன வயதிலிருந்தே எனக்குக் கடுமையான கிட்டப்பார்வை. பள்ளிக்கூடத்தில் என் பெயரே சோடாபுட்டி. அப்படிப்பட்ட கண்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகமாம். போதாததற்கு என் வலது கண் சோம்பேறிக் கண் (பிறந்ததிலிருந்து மூளை பயன்படுத்தாமல் விட்டுவிட்ட கண்). வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான். பழுதானது இடது கண். எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

"அறுவை செய்யறோம்மா. ஒட்டிக்கிச்சுன்னா பார்வை வரும். ஆனா முழுசா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "இத்தனை நாள் ஏன் வரலை?"

"டிவி ரிப்பேருன்னு நெனச்சுப்போட்டமுங்க" என்றார் என் கணவர். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் உயரமாக ஒரு டிவி வைத்திருந்தார்கள். கண் ஆஸ்பத்திரியில் டிவி வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கட்டுப் போட்டவர்கள்கூட மீதி ஒரு கண்ணால் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோர்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நோய் வந்தால் மனம் பக்குவப்படும் என்பார்கள். எனக்கு வயிறுதான் எரிந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மாதம்தான் டிவியில் 'வெண்கலக் குதிரை' தொடங்கியது.

அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடர்கதை. பள்ளிக்கூட நாட்களிலிருந்து அதன் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தேன். பறக்கும் வெண்கலக் குதிரை, அதில் ஏறித் தப்பும் இளவரசி, அவளுடைய தோழி வஞ்சி. எனக்கு இளவரசி முக்கியமில்லை, வஞ்சிதான் முக்கியம். இளவரசி அழுதுகொண்டே இருப்பாள். வேலையெல்லாம் வஞ்சி செய்வாள்.

கதையைப் படமாக எடுக்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே மனத்தாங்கல் உண்டு. படிக்கும்போது குதிரை பறந்தால் அது என் குதிரை. திரையில் பறந்தால் கம்பி தெரிகிறதா என்றுதான் கண் தேடும். ஏழு வாசல் கோட்டையை மூன்று வாசலாக்கிவிடுவார்கள். பூதத்துக்கு ஒட்டுமீசை வைப்பார்கள். ஆனாலும் ஒன்றையும் விடமாட்டேன். பார்த்துவிட்டுத் திட்டுவதில் இருக்கும் சுகம் வேறு. தொடர் முடிந்த மறுநாள் குழாயடியில் சிறுவாணித் தண்ணீர் வருவதற்குள் முழுக்கதையையும் நான் திரும்பச் சொல்லிவிடுவேன். தெருப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்பார்கள். அது என் இடம். வேறு யாரும் அங்கே நின்றதில்லை.

இப்போது என் கதை டிவியில் வருகிறது, எனக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையுமாம், அதனால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். கண்ணைச் சுற்றி சிலிக்கோன் பட்டை (உரிந்த திரையை நோக்கிச் சுவரை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் மெல்லிய வார்) வைத்துத் தைத்திருந்தார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "அந்த டிவிய அக்கட்ட கொண்டு போயிருங்க" என்பதுதான். நான் பார்க்காததை மற்றவர்கள் என் காதருகே பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. என் கணவரின் அண்ணன் வீடு அதே காம்பவுண்டில், வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கம். டிவி அங்கே போனது. தொடர் தொடங்கும்போது வரும் பாட்டு மட்டும் மெல்லக் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது.

அந்த வீட்டு சரசு அக்கா, என் ஓரகத்தி, வெள்ளகோவில் பக்கத்துக்காரி. டிவி பார்க்க உட்கார்ந்தால் அவரையை உரித்துக்கொண்டே, "இவன் ஆரு? நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்டு உயிரை வாங்குகிறவள். அவள்தான் எனக்குக் கண்ணில் மருந்து விட்டாள், சோறு ஊட்டினாள். முதல் வாரத் தொடர் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கேளு அம்மணி, சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். மந்திரவாதி இளவரசியைத் தூக்கி வருகிறான். "'ஏனுங்க அம்மணி, சத்தம் போடாம வாங்க, இல்லாட்டி கொன்னுபோடுவனுங்க' அப்படீங்கறான்."

"மந்திரவாதி 'ங்க' போட்டாங்கக்கா பேசறான்?"

"ராசா ஊட்டுப் புள்ளகிட்ட வேற எப்படிப் பேசுவான்?"

வெண்கலக் குதிரைக்கு வஞ்சி மாட்டுக்குப் போடுவதுபோலக் காய்ந்த சோளத்தட்டு தீனி போட்டதாகவும் சொன்னாள். வெண்கலம் தட்டு தின்னுமா என்றேன். "அதுக்கும் வகுறு இருக்குமில்ல" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. எடுத்தவர்கள் மேல்தான் கோபம். என் கதையைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டார்களே என்று படுத்தபடியே திட்டினேன்.

கோபம் திசை மாறியது மூன்றாவது வாரத்தில். தொடர் முடிந்த பிறகு வாசலில் பேச்சுக்குரல். பக்கத்து வீட்டு ராஜியும் தெருப் பெண்களும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா தணிந்த குரலில் கதை சொல்கிறாள், இவர்கள் சிரிக்கிறார்கள். இப்போதுதானே எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்? பார்த்தவர்களே அவள் வாயால் மறுபடி கேட்க உட்கார்கிறார்கள் என்றால், குழாயடியில் என் இடம் போய்விட்டது என்றுதானே அர்த்தம். நான் அழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

என்னிடம் இருந்தது ஒன்றுதான்: எனக்கு மேற்கொண்டு கதை தெரியும். ராஜி என்னைப் பார்க்க வந்தபோது, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னேன். "வர்ற வாரம் வஞ்சி செத்துருவா. கோட்டைக் கதவப் புடிச்சு நிப்பா, மந்திரவாதி வெட்டிருவான். இளவரசி மட்டும் பறந்து போயிருவா." இனி அவர்கள் பார்க்கும் சுகம் கெட்டது என்று எனக்கு ஒரு அற்ப திருப்தி.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தாள். "வஞ்சி கதவப் புடிச்சு நின்னா. மந்திரவாதி வந்தான். ஆனா, அம்மணி, அந்தக் குதிரை திரும்பி வந்துருச்சு. அவளையும் ஏத்திட்டுப் போயிருச்சு."

"சாகலைங்களா?"

"அவ எதுக்குச் சாகறா?"

ராஜியைக் கேட்டேன். "உசுரோடதானுங்கக்கா இருக்கறா" என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கதையைத் தைத்து வைத்திருந்த நான் முட்டாளானேன். எடுத்தவர்களைச் சபித்தேன். கதையின் உயிரே அந்தச் சாவுதான், அதை மாற்ற இவர்கள் யார் என்று கேட்டேன். அக்கா என் வாயில் கஞ்சியை ஊட்டியபடி, "உடு கண்ணு" என்றாள்.

அந்தச் சமயத்தில் அறுவை பலிக்கவில்லை என்று தெரிந்தது. திரை ஒரு பக்கம் மறுபடி உரிந்திருந்தது. இரண்டாவது முறை கண்ணுக்குள் வாயுக் குமிழி (திரையை உள்ளிருந்து சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் செலுத்தும் காற்று) வைத்தார்கள். குமிழி சரியான இடத்தில் நிற்கக் கவிழ்ந்தே படுக்க வேண்டும். இதுவும் ஒட்டாவிட்டால் செய்வதற்கு அதிகம் இல்லை என்று டாக்டரம்மா நேராகவே சொன்னார். இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கழுத்து வலி பெரிதில்லை. ஒட்டியதா இல்லையா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் பெரிது. அதுவும் தரை தெரியாமல்.

அக்கா தரையில் என் முகத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். வஞ்சிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். குதிரைக்காரன் ஒருவன் அமைந்தான். சீர் பேசினார்கள், வஞ்சி பக்கம் இளவரசியே வந்து உட்கார்ந்து பேசினாளாம். "மாயாஜாலக் கதையில சீர் பேசறாங்களாக்கா?" என்று எரிந்து விழுவேன். ஆனால் அடுத்த வாரம் எப்போது வரும் என்று காத்திருப்பேன். ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வஞ்சியின் கல்யாணத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒட்டியது. கட்டைப் பிரித்தபோது குமிழியின் விளிம்பு, கொத்தனாரின் ரசமட்டக் குழாயில் நீர் ஆடுவதுபோலப் பார்வையின் குறுக்கே ஆடியது. அதற்கு மேலே என் கணவரின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. குமிழி சிறுத்துச் சிறுத்துக் கரைந்தது. டிவி பார்க்க அனுமதி வருவதற்குள் தொடர் முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. கேபிள்காரர் மத்தியானங்களில் பழைய தொடர்களை கேசட்டில் போடுவார். ஒரு நாள் அந்தப் பாட்டுக் கேட்டது. நானும் ராஜியும் உட்கார்ந்தோம். அக்கா பக்கத்தில் அவரை உரித்துக்கொண்டிருந்தாள். மந்திரவாதி மரியாதையில்லாமல் பேசினான். குதிரை எதையும் தின்னவில்லை. தினம் ஒரு பகுதி போட்டார்கள். நான்காவது நாள் வஞ்சி கோட்டைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மந்திரவாதி வெட்டினான். கதையில் இருந்தபடியே விழுந்தாள். குதிரை திரும்பி வரவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"செத்துப்போயிட்டாளேக்கா."

"ஆமா."

"கல்யாணம் பண்ணி வெச்சீங்களே."

"நோவுல கெடக்கறவகிட்டச் சாவுச் சேதி சொல்லப்படாது" என்றாள் அக்கா. "எங்கூர்ல சொந்தத்துல ஒருத்தரு செத்தாக்கூட, படுத்திருக்கறவங்க எந்திரிச்சு நடந்த பொறவுதான் சொல்லுவாங்க. கதைன்னாலும் சாவு சாவுதான?"

ராஜி மெதுவாகச் சொன்னாள். "மந்திரவாதிக்கு 'ங்க' போட்ட நாள்லருந்தே, வாராவாரம் இவங்க எங்களை வாசல்ல உக்கார வெச்சுப் பாடம் நடத்துவாங்கக்கா. மாத்திச் சொல்லிப்போட்டீங்கன்னா இந்த ஊட்டுப் பக்கம் வரப்படாதுன்னு. சீர் பேசறதச் சொன்னப்பத்தான் எங்களுக்குச் சிரிப்பு அடங்கல."

எனக்கு வேறொரு பயம் வந்தது. "வேற ஆரு சாவையெல்லாம் எங்கிட்ட மறைச்சீங்கக்கா?"

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஆரும் இல்ல கண்ணு. அவ ஒருத்திதான்."

எனக்கு அழுகை வந்தது, நன்றியால் மட்டுமில்லை. உள்ளே பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. அந்தக் கதையை எத்தனையோ முறை படித்தவள் நான். ஒவ்வொரு முறையும் வஞ்சி சாகிற பக்கத்தில் அழுதுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். குதிரையைத் திருப்பி அனுப்பலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நல்லவனா கெட்டவனா என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இடது கண்ணில் கீழ்மூலை இருட்டு போகவில்லை. படியிறங்கும்போது காலால் தடவிக்கொண்டு இறங்குகிறேன். நேரான கோடுகள் நேராகத் தெரிவதில்லை. கதவு நிலை நடுவில் லேசாக வளைந்திருக்கும், டிவிப் பெட்டியும்தான். அக்காவின் முகத்திலும் அந்த வளைவு விழும். பழகிவிட்டது. நாட்களிலும் எனக்கு அப்படி ஒரு வளைவு விழுந்துவிட்டது. தெருவில் மற்றவர்கள் எல்லோருக்கும் வஞ்சி நாலாவது வாரமே செத்துப்போனாள். எனக்குக் கண் வந்த பிறகுதான் செத்தாள். அதுவரை குதிரைக்குத் தட்டு போட்டுக்கொண்டு, சீர் வாங்கிக்கொண்டு, குதிரைக்காரனைக் கட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள்.